வர்த்தகரின் ஊதுகுழலா மாணவர் மன்றம்?

கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி, தடையற்ற சந்தை என்னும் பொருளாதாரக் கொள்கையை வெளிப்படையாக விவாதிப்பதற்கென்று ஒரு மன்றம் நிறுவியிருக்கிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில், அம்மன்றத்தில் ஒரு கூட்டமேனும் நடைபெறுவதற்கு முன்பே, அதைப் பற்றிய தீர்ப்பை நம்மில் படித்தவர்கள் பெரும்பாலோர் எழுதி முடித்துவிடுகிறார்கள். முதலாளிகளின் பணத்தில் நடக்கும் பிரசாரம் அது. விவாதம் என்பது மேலுக்குப் போட்ட வேஷம். உலகானுபவம் இல்லாத இளைஞர்களை ஏழை மக்களின் பக்கத்திலிருந்து பெயர்த்து லாபத்தின் பக்கம் சேர்த்துக்கொள்ளும் உபாயம். ஆகவே கல்லூரி நிர்வாகம் அதற்கு இடங்கொடுக்கலாகாது, கொடுத்தாலும் நல்ல மாணவர்கள் அங்கே போகலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இதைச் சொல்லுகிறவர்கள் துஷ்டர்கள் அல்லர். ஏழைகளின் துயரத்தைக் கண்டு மனம் நொந்தவர்கள்; அவர்களில் சிலர் மிக நல்ல ஆசிரியர்கள். அதனாலேயே அவர்களுடைய அபிப்பிராயத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடாமல், பிரித்துப் பார்த்து மறுக்க வேண்டியிருக்கிறது. நான் சந்தையின் பக்தன் அல்லன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தைக்கு விட்டுவிடலாகாத காரியங்கள் பல உண்டென்பது என் எண்ணம். ஆயினும், அக்கொள்கையை மாணவர்கள் கூடி விவாதிக்கலாகாது என்னும் மனப்பான்மை, அக்கொள்கையால் விளையக்கூடிய தீங்கைக் காட்டிலும் பெரிய தீங்கை விளைவிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பணத்தைப் பற்றிய ஆட்சேபமே எல்லாவற்றிலும் உரத்த குரலில் சொல்லப்படுவது. ஆகையால் அதிலிருந்து தொடங்குவோம். ஒரு ஸ்தாபனத்துக்குப் பணம் தருகிறவர் யாரோ, அவருடைய கருத்தே அந்த ஸ்தாபனத்தின் கருத்தாக முடியும் என்பது இதன் அடிப்படை. இந்த நியாயம் செல்லுமானால் லண்டன் பொருளாதாரக் கல்லூரி இன்று உலகத்திலுள்ள சோஷலிஸ்டு மடங்களுக்கெல்லாம் தலைமடமாக விளங்கியிருக்க வேண்டும். டெர்பி நகரத்து வக்கீலும் ஃபேபியன் சங்கத்தின் அங்கத்தினருமான ஹென்றி ஹண்ட் ஹட்சின்சன் என்பவர் 1894-இல் இறந்தபோது, அச்சங்கத்தின் சோஷலிஸப் பிரசாரத்துக்கும் பிற நோக்கங்களுக்கும் என்று எழுதிவைத்துப்போன சொத்திலிருந்து பிறந்தது அந்தக் கல்லூரி. தர்மகர்த்தாக்களில் முதன்மையானவராக இருந்த சிட்னி வெப், அப்பணத்தைத் துண்டுப் பிரசுரங்களில் கரைத்துவிடாமல், பாரபட்சமற்ற ஆராய்ச்சிக்கென ஒரு கல்லூரியை அமைப்பதில் செலவிட விரும்பினார். உயில் அதற்கு இடந்தருமா என்ற ஐயம் எழவே, சட்ட வல்லுநரான ஹால்டேனிடம் போய்க் கேட்டார். ஹால்டேன் அவரைத் திருப்பிக் கேட்டவை இரண்டே கேள்விகள் என்று சொல்லுவார்கள். சோஷலிஸத்தில் உமக்கிருந்த நம்பிக்கை குன்றிவிட்டதா என்பது ஒன்று. சமுதாய நிலைமைகளை எவ்வளவுக்கெவ்வளவு நடுநிலையாக ஆராய்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு சோஷலிஸத்தின் பக்கமே வலுப்பெறும் என்று நம்புகிறீரா என்பது மற்றொன்று. முன்னதற்கு இல்லை என்றும் பின்னதற்கு ஆம் என்றும் வெப் விடை கூற, அப்படியானால் நடுநிலை ஆராய்ச்சிக்கு அப்பணத்தைத் தாராளமாகச் செலவிடலாம் என்று ஹால்டேன் முடிவு சொன்னார்.

தம் சித்தாந்தத்தில் மெய்யான நம்பிக்கை உடையவர் எதிர்வாதத்துக்கு அஞ்சவேண்டியதில்லை என்ற ஒரே எண்ணத்தின்மேல் 1895-இல் எழுந்த அந்தக் கல்லூரிக்கு வெப் முதல் தலைவராகக் கொண்டுவந்த ஹ்யூயின்ஸ் சோஷலிஸ்டு அல்லர். சங்கத்தின் பணத்தை வெப் இப்படி நடுநிலைக்குத் தாரை வார்க்கிறாரே என்று பெர்னார்ட் ஷா முணுமுணுத்தார். பின்னர் 1920-களில் அமெரிக்கக் கோடீசுவரர் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதி அதே கல்லூரிக்குப் பெருந்தொகைகளை அளித்தது. அப்பணத்தால் விரிந்த அதே கட்டிடங்களில் அமர்ந்துதான் ஹெரால்டு லாஸ்கி, இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு ஏகாதிபத்திய எதிர்ப்பையும் சோஷலிஸத்தையும் போதித்தார். சோஷலிஸ்டு பணத்தில் தோன்றிய அக்கல்லூரியே 1931-இல் வியன்னாவிலிருந்து பொருளாதார அறிஞர் பிரெடரிக் ஹாயெக்கை வரவழைத்து, லயனல் ராபின்ஸோடு சேர்த்து, சுதந்திர வர்த்தகக் கொள்கையின் கோட்டையாகவும் ஆயிற்று. கொடுத்தவனுடைய கருத்து பெற்றவனுடைய கருத்தாகிவிடும் என்னும் விதி இங்கே இரு திசையிலும் பொய்த்துவிட்டது. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயமே. கணக்கைப் பகிரங்கமாக வைக்கும்படி வற்புறுத்துவதும் நியாயமே. ஆனால் அக்கேள்விக்கு விடை கிடைத்தவுடன் விவாதத்துக்கும் விடை கிடைத்துவிட்டதாகக் கருதுவது சோம்பேறித்தனம் அல்லாமல் வேறில்லை.

அந்தக் கோட்டைக்குள் பயின்ற மாணவர்களின் கதை இன்னும் சுவையானது. ரொனால்டு கோஸ் என்ற இளைஞர், தாம் ஒரு சோஷலிஸ்டு என்ற எண்ணத்தோடே, 1931-இல் அர்னால்டு பிளான்டு நடத்திய கருத்தரங்கில் அமர்ந்தார். போட்டியும் விலையுமே பொருளாதாரத்தை நடத்திச் செல்லுகின்றன, தலைமேல் இருந்து ஒருவர் கட்டளையிட வேண்டியதில்லை என்று பிளான்டு சொன்னதைக் கேட்டு அவர் மயங்கிப்போகவும் இல்லை, கோபித்து வெளியேறவும் இல்லை. கேள்வி ஒன்றை மனத்தில் சுமந்துகொண்டு உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குப் போனார். விலைதான் எல்லாவற்றையும் நடத்துகிறது என்றால் தொழிற்சாலைக்குள் இருக்கும் ஓர் ஊழியன் ஓர் இலாகாவிலிருந்து மற்றோர் இலாகாவுக்குப் போவது விலை மாறியதனாலா, மேலதிகாரி உத்தரவிட்டதனாலா? ரஷ்யா முழுவதையும் ஒரே தொழிற்சாலையைப் போல நடத்தலாம் என்று லெனின் சொன்னதை நடவாத காரியம் என்று ஒதுக்கிய மேனாட்டுப் பொருளாதார நிபுணர்கள், தங்கள் நாட்டிலேயே மாபெரும் தொழிற்சாலைகள் கட்டளையால் நடந்துவருவதைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை? மோட்டார்த் தொழிற்சாலைகளைப் போய்ப் பார்த்தார்; அமெரிக்க சோஷலிஸ்டுத் தலைவர் நார்மன் தாமஸையும் போய்ப் பார்த்தார். 1937-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்கு இக்கேள்வியே கரு. சந்தையில் ஒவ்வொரு பேரத்தையும் பேசி முடிப்பதற்கே ஒரு செலவு உண்டு, அச்செலவைத் தவிர்க்கவே நிறுவனங்கள் தோன்றுகின்றன என்ற அந்த விடை, 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆராய்ச்சிகளில் ஒன்று. சந்தையின் மகிமையைச் சொல்லிக்கொடுத்த வகுப்பிலிருந்தே, சந்தை ஏன் எங்கும் நிறைந்திருக்கவில்லை என்ற கேள்வி பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிளான்டின் மாணாக்கருள் மற்றொருவர் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியாவிலிருந்து 1933-இல் வந்த ஆர்தர் லூயிஸ். கறுப்பர் என்ற காரணத்தால் மூடிக்கிடந்த கதவுகள் பலவற்றை அவருக்குத் திறந்துவிட்டவர், தடையற்ற வர்த்தகத்தில் தீவிர நம்பிக்கை உடைய அந்தப் பிளான்டே. ஆயினும் 1939-இல் மேற்கிந்தியத் தொழிலாளரைப் பற்றி லூயிஸ் எழுதிய நூலை வெளியிட்டது ஃபேபியன் சங்கம். தையல் வேலையும் அச்சுத் தொழிலும் செய்து நொடித்துப்போன பின் அக்கல்லூரிக்கு வந்த ஆப்பா லெர்னர், ராபின்ஸிடமும் ஹாயெக்கிடமும் கற்றுவிட்டு, சோஷலிஸ அரசாங்கம் விலைகளை எங்ஙனம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விளக்கும் நூலை எழுதினார். ஹாயெக்கின் நூல் ஒன்றை ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்ப்பதில் பங்கு கொண்ட நிக்கலஸ் கால்டரோ, பின்னர் அதே ஹாயெக்கின் எதிரியாக மாறி, 1956-இல் நம் நாட்டுக்கு வந்து செலவு வரி விதிக்க வேண்டும் என்று யோசனை சொல்லி, டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் 1957-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அது இடம்பெறும்படி செய்துவிட்டுப் போனார். சந்தைக் கொள்கை ஓதப்படும் இடத்துக்கு மாணவன் போனால் அடிமையாகித்தான் திரும்புவான் என்பவர்கள் இந்த வரிசைக்கு என்ன விடை சொல்லுவார்களோ தெரியவில்லை.

இனி, முதலாளிகளின் நலனும் தடையற்ற சந்தையும் ஒன்றே என்ற நம்பிக்கை. இது எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறதோ அவ்வளவு பிழையானது. சந்தைக் கொள்கையின் ஆதி ஆசாரியர் என்று சொல்லத்தக்க ஆடம் ஸ்மித், 1776-இல் வெளியிட்ட தம் நூலில், வியாபாரிகள் கொண்டுவரும் சட்ட யோசனை எதையும் மிகுந்த சந்தேகத்தோடு நெடுநாள் ஆராய்ந்தன்றி ஏற்கலாகாது என்று எச்சரித்தவர். அவர் சாடியது கூலியாட்களை அல்ல. போட்டியை ஒழித்துத் தங்களுக்கு ஏகபோகம் வாங்கிக்கொள்ளும் வர்த்தகர்களையும், அவர்களுக்குத் துணைபோகும் மந்திரிகளையும், குறிப்பாகக் கிழக்கிந்தியக் கம்பெனியையும். நம் நாட்டு வரலாற்றையே எடுத்துக்கொண்டால், 1944-இல் வெளிவந்த பம்பாய்த் திட்டத்தில் கையொப்பமிட்டவர்கள் டாட்டா, பிர்லா, லாலா ஸ்ரீராம், கஸ்தூர்பாய் லால்பாய் போன்ற பெருமுதலாளிகள். அவர்கள் கேட்டது சந்தைச் சுதந்திரத்தை அல்ல, சர்க்காரின் திட்டத்தையும் பாதுகாப்பையும். அதற்குப்பின், ராஜாஜி பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம் என்று பெயரிட்ட ஏற்பாடு வளர்ந்து முதிர்ந்தபோது, பெருமுதலாளிகளைக் கட்டுப்படுத்தவென்று வந்த லைசென்ஸை மற்றவர்களுக்குமுன் ஓடிப்போய் வாங்கி வைத்துக்கொண்டு, போட்டியாளன் தலையெடுக்காமல் வழியை அடைத்தவர்கள் அப்பெருமுதலாளிகளில் சிலரே என்பதை 1967-இல் ஆர். கே. ஹஸாரியின் அறிக்கை வெளிச்சமாக்கியது. பம்பாய்த் திட்டத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான ஏ. டி. ஷ்ராஃப் 1956-இல் சுதந்திரத் தொழில் முயற்சிக்கென ஒரு மன்றம் நிறுவியபோது, அவருடைய பழைய கூட்டாளிகள் எல்லாரும் அவர் பின்னால் அணிவகுத்து வந்துவிடவில்லை. வருவார்கள் என்று எதிர்பார்ப்பதும் பேதைமை. கையிலிருக்கும் லைசென்ஸ், வராத போட்டி, உயர்ந்து நிற்கும் சுங்கச்சுவர் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டுச் சந்தையின் காற்றுக்கு மார்பைக் காட்டி நிற்க எந்த வியாபாரி விரும்புவான்? கட்டற்ற சந்தையை உண்மையாகவே விவாதிக்கும் ஒரு மாணவர் மன்றம் எழுந்தால் முதலில் நெஞ்சு துடிக்க வேண்டியவர்கள் சலுகையால் வாழும் முதலாளிகள்தாம்.

மற்றொரு விஷயத்தையும் சொல்லாமல் விட இயலாது. 1950-களில் மத்திய சர்க்கார், ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றி மாணவரிடையே உணர்ச்சி உண்டாக்குவதற்கென்று, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் திட்ட மன்றங்களை அமைக்க ஊக்கமும் உதவியும் அளித்தது. பொதுப்பணத்தில், ஆளுங்கட்சியின் பொருளாதாரக் கொள்கையை மாணவர்க்கு விளங்கச் செய்யும் மன்றங்கள் அவை. அவற்றைப் பிரசாரம் என்று எவரும் அப்போது சொன்னதாகத் தோன்றவில்லை. நானும் சொல்ல வரவில்லை. மாணவர்கள் திட்டத்தைப் பற்றிப் பேசியது நல்லதே. ஆனால், திட்டத்தைப் போற்றும் மன்றம் கல்வி என்றும், திட்டத்தைச் சந்தேகிக்கும் மன்றம் சூழ்ச்சி என்றும் இரண்டு தராசுகள் வைத்துக்கொள்வது எந்த நியாய சாஸ்திரத்தில் சேர்ந்தது? 1955-இல் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தைப் பரிசீலித்த பொருளாதார நிபுணர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதினார். இவரும் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பயின்றவரே. பொதுத்துறையில் திட்டமிட்ட அவ்வளவு பெருஞ்செலவும், அதில் ஒரு பகுதி பற்றாக்குறை நிதியால் ஈடு செய்யப்படுவதும் நாட்டின் சேமிப்பு தாங்கக்கூடியதன்று, விலைவாசி ஏறும், கட்டுப்பாடுகள் பெருகும் என்பது அவர் வாதம். திட்டம் தொடங்கிய இரண்டாண்டுக்குள் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, 1958-இல் உலக வங்கியின் முயற்சியால் உதவி நாடுகள் கூடிக் கைகொடுக்க நேர்ந்தது. ஷெனாய் சொன்னவை எல்லாம் சரி என்று வாதிப்பது என் நோக்கமன்று. அந்த நெருக்கடிக்கு வேறு காரணங்கள் காட்டுவோரும் உண்டு. ஆனால் அந்த ஒற்றைக் குறிப்பைத் திட்ட மன்றங்களில் எத்தனை மாணவர்கள் படித்திருப்பார்கள்? படித்து மறுத்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

மாணவர்கள் பக்குவமற்றவர்கள், சாமர்த்தியமான பேச்சில் அடித்துச் செல்லப்படுவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். பதினெட்டு வயதில் நாட்டை ஆளுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் அவர்களுக்கு உண்டென்று 1989-இல் அரசியலமைப்பையே திருத்தி ஏற்றுக்கொண்ட நாம், விலை நிர்ணயத்தைப் பற்றிய ஒரு பிரசங்கத்தைக் கேட்கும் பக்குவம் அவர்களுக்கு இல்லை என்று சொல்லுவது விந்தை. ஆனால் இங்கே நான் எடுத்துக்காட்ட விரும்புவது கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தை. அங்கே பொருளாதார மாணவர்களுக்கென்று மார்ஷல் சங்கம் என ஒன்று உண்டு. 1931 ஜனவரியில், லண்டனுக்குப் பிரசங்கம் செய்யப் போகும் வழியில், ஹாயெக் அச்சங்கத்தில் பேச வந்தார். பிரிட்டனில் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையின்றித் தவித்துக்கொண்டிருந்த சமயம் அது. கரும்பலகை நிறைய முக்கோணங்களை வரைந்து, வீழ்ச்சிக்குக் காரணம் மிகுதியான நுகர்வும் குறைந்த சேமிப்புமே என்று அவர் விளக்கி முடித்தார். சபையில் ஒரே மௌனம். இருபத்தைந்து வயது இளைஞரான ரிச்சர்டு கான் எழுந்து, நாளைக்கு நான் கடைக்குப் போய் ஒரு புது மேலங்கி வாங்கினால் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகரிக்கும் என்பதா உங்கள் கருத்து என்று கேட்டார். ஆம், ஆனால் அது ஏன் என்று விளக்க மிக நீண்ட கணித வாதம் வேண்டியிருக்கும் என்று ஹாயெக் முக்கோணங்களைச் சுட்டிக்காட்டிப் பதில் சொன்னார். இந்நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்தவர் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன். செலவு ஒன்று பல செலவுகளாகப் பெருகி வேலைவாய்ப்பை வளர்ப்பதைப் பற்றிக் கான் எழுதிய கட்டுரை அவ்வாண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார மேதை கெய்ன்ஸின் பெருநூலுக்கு அது ஒரு தூண்.

நம் நண்பர்கள் சொல்லும் விதியை அன்றைய மார்ஷல் சங்கத்தார் பின்பற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வியன்னாவிலிருந்து வரும் இம்மனிதர் சுதந்திர வர்த்தகவாதி, நிதி எங்கிருந்து வருகிறதோ, மாணவர் மனத்தைக் கெடுப்பார் என்று கதவை அடைத்திருந்தால், அவருடைய கொள்கையின் எந்தக் கணு முறியக்கூடியது என்பது அன்று வெளிப்பட்டிருக்காது. நூறு கண்டனக் கட்டுரைகளால் செய்ய முடியாததை ஒரு மேலங்கியைப் பற்றிய ஒரு கேள்வியும், அதற்கு மழுப்பாமல் சொன்ன ஒரு பதிலும் செய்தன. ஒரு கொள்கையை விவாத மேடையில் ஏற்றாமல் தடுப்பவர்கள் அக்கொள்கைக்குத் தீங்கு செய்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்குக் காப்புக் கட்டிவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் கனமானது, ஏழைகளின் பெயரால் வரும் ஆட்சேபம். இதை நான் வேகமாகக் கடந்துபோகப் போவதில்லை. ஏனெனில், தடையற்ற சந்தை என்ற பேச்சைக் கேட்டவுடன் தமிழ்நாட்டு நெஞ்சு கசப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. அது தாது வருஷப் பஞ்சம். 1876-இல் மழை பொய்த்து, சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தபோது, தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பதே வைஸ்ராய் லிட்டனின் உறுதியான கொள்கை. சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு தானியம் கொள்முதல் செய்ய முற்பட்டதை மேலிடம் கண்டித்தது. 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைத் தெற்கே அனுப்பியது. அவர், கடும் வேலை செய்யும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், இது உயிரைத் தாங்காது என்று எழுதி எழுதி ஆட்சேபித்தார். இதே டெம்பிள்தான் மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பர்மா அரிசியை ஏராளமாக வரவழைத்து மக்களைக் காப்பாற்றி, அதற்காக ஊதாரி என்று ஏச்சு வாங்கியவர். தாது வருஷப் பஞ்ச காலத்தில் நம் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குத் தானிய ஏற்றுமதியும் நின்றபாடில்லை.

இது சந்தைக் கொள்கைக்கு எதிரான சாட்சியம் அல்லவா என்று கேட்பார்கள். ஆம், மிகக் கடுமையான சாட்சியம். ஆனால் அந்த அதிகாரிகளின் மண்டையில் அக்கொள்கை எந்த வழியில் ஏறிற்று என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனி உத்தியோகத்துக்கு இளைஞர்களைத் தயாரித்த ஹெய்லிபரிக் கல்லூரியில் 1805 முதல் 1834-இல் இறக்கும்வரை அரசியல் பொருளாதாரம் போதித்தவர் மால்தஸ். அவர் மறைந்த பிறகு அங்கே பயின்றவர் டெம்பிள். பழைய பொருளாதார ஆசிரியர்களின் கோட்பாடுகள் இந்திய நிர்வாகத்தில் எங்ஙனம் வேதவாக்காகக் கையாளப்பட்டன என்பதை எஸ். அம்பிராஜன் 1978-இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகிறது. அக்கொள்கை அங்கே பாடமாகக் கற்கப்பட்டது, பரீட்சையில் ஒப்பிக்கப்பட்டது, உத்தியோகத்தில் கட்டளையாக நிறைவேற்றப்பட்டது. பசித்தவன் பக்கமிருந்து எழுந்து நின்று கேள்வி கேட்பவன் ஒருவனும் அந்த வகுப்பில் இருக்கவில்லை. விவாதம் மிகுந்ததனால் வந்த கேடன்று அது; விவாதம் அடியோடு இல்லாததனால் வந்த கேடு.

ஆகையால்தான் சொல்லுகிறேன்: தாது வருஷத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்பதற்கு இந்த மாணவர் மன்றங்களைவிடத் தகுந்த இடம் வேறில்லை. ஒருவன் எழுந்து 1877-ஐக் காட்டட்டும். மற்றொருவன் எழுந்து 1770-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் காட்டி, அங்கே பற்றாக்குறையைப் பஞ்சமாக்கியதில் கம்பெனி ஊழியர்கள் அரிசி வியாபாரத்தின்மேல் சுமத்திய தடைகளுக்குப் பங்குண்டு என்று ஆடம் ஸ்மித்தே எழுதியிருக்கிறாரே என்பான். முன்னவன் விடாமல், 1943-இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர்வரை மாண்டது அரிசி இல்லாததாலா, அரிசி வாங்கக் காசில்லாததாலா என்று அமார்த்திய சென் 1981-இல் எழுதிய நூலைக் கொண்டுவந்து வைப்பான். காசில்லாதவன் சந்தையின் கண்ணுக்குத் தெரிகிறதில்லையே என்பான். அதற்கும் விடையாக, அதே 1943-க்கு முன்பு மாகாணங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானியம் போகாமல் போட்ட தடைகள் என்ன செய்தன என்ற கேள்வி வரும். இப்படி இரண்டு மணி நேரம் மோதிக்கொண்ட பின், அவ்விருவரில் எவரும் தம் கட்சியை விட்டிருக்க மாட்டார். ஆனால் நாளைக்கு அவர்களில் ஒருவர் கலெக்டராக உட்காரும்போது ஒரு ராத்தல் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதவும் மாட்டார்.

விவாதம் என்பது வேஷம் என்ற கடைசிக் குற்றச்சாட்டு மிஞ்சியிருக்கிறது. சில மன்றங்களைப் பொறுத்தவரை இது உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே கட்சியைச் சேர்ந்த பேச்சாளர்களை வரிசையாக அழைத்து, மாலை போட்டு, கைதட்டிக் கலைவதற்குப் பஜனை மடம் போதும், மன்றம் எதற்கு? நம்முடைய முன்னோர் இவ்விஷயத்தில் கறாரானவர்கள். அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் சித்தாந்தத்தைச் சுபக்கத்தில் நிறுவுவதற்கு முன்னால், லோகாயதம் தொடங்கிப் பிற மதங்கள் ஒவ்வொன்றையும் அதனதன் வாயாலேயே பேசவிட்டு, பின்னரே மறுக்கும் பரபக்கத்தைப் பாடினார். கடவுளை மறுப்பவனுடைய வாதம் இன்னதென்று தமிழில் அறிய விரும்புகிறவன் சைவ சாஸ்திரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. மணிமேகலையும் வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் திறம் கேட்ட பிறகே தன் அறத்தைக் கேட்கப் போகிறாள். மாற்றானை முழுவலிமையோடு பேசவிடுகிறதா என்பதே மன்றம் மெய்யா வேஷமா என்று அறிய உதவும் அளவுகோல். அந்த அளவுகோலைச் சந்தை மன்றங்களின்மேல் வைத்துப் பாருங்கள், தவறினால் கண்டியுங்கள், கண்டிப்பவர்களில் முதலில் நானிருப்பேன். ஆனால் அளந்து பார்க்காமலே எல்லாவற்றையும் வேஷம் என்பது, வேஷத்திலும் கீழானது.

அளந்து பார்த்தால் தேறக்கூடியவையும் உண்டு என்பதற்குச் சிகாகோ சாட்சி. அங்கே தனிமனிதச் சுதந்திரவாதிகளான மாணவர்கள் சிலர், ஒரு மாணவர் சங்கத்தின் கிளையாகக் கூடி, 1961 ஏப்ரலில் நியூ இண்டிவிஜுவலிஸ்ட் ரிவியூ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். ரால்ஃப் ரைக்கோ ஆசிரியர். ஹாயெக்கும் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனும் ஆலோசகர்கள். ஹாயெக் அப்போது அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சுதந்திரத்தின் அமைப்பைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சுதந்திரவாத இளைஞர்களுக்கு அது கிட்டத்தட்ட ஆகமம். பிரசாரப் பத்திரிகை ஒன்று தன் முதல் இதழில் என்ன செய்யும்? அந்நூலுக்குப் புகழ்மாலை சூட்டும். இந்த மாணவர்கள் அதற்கு ஒரு கண்டனம் வெளியிட்டார்கள். எழுதியவர் ஹாயெக்கின் மாணவரே ஆன ரொனால்டு ஹமோவி. சட்டம் எல்லார்க்கும் பொதுவாகவும் சமமாகவும் இருந்துவிட்டால் போதும், சுதந்திரத்துக்குப் பங்கமில்லை என்ற ஹாயெக்கின் வாதம் நிற்காது, எல்லாரையும் சமமாக ஒடுக்கும் சட்டமும் ஒடுக்குமுறையே என்று அவர் வாதாடினார். ஹாயெக் பத்திரிகையிலிருந்து விலகிக்கொள்ளவில்லை, மாணவனைப் பழிவாங்கவும் இல்லை. அடுத்த இதழில் உட்கார்ந்து பதில் எழுதினார்.

அதே பத்திரிகை 1967-இல், வியத்நாம் யுத்தம் உச்சத்தில் இருக்கையில், கட்டாய ராணுவச் சேவைக்கு எதிரான கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டது. முன்கூட்டியே தெரிந்த விதிப்படி நடப்பதால் கட்டாயச் சேவையிலும் பலாத்காரத்தின் கொடுமை குறைகிறது என்ற போக்கில் ஹாயெக்கின் நூல் பேசியிருந்தது என்பதையும், கல்லூரி மாணவர்களுக்குச் சலுகை இருந்தபடியால் அந்தச் சுமை படிக்க வசதியற்ற ஏழை இளைஞர்களின் தலையிலேயே மிகுதியாக விழுந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அக்கட்டுரையாளர்களுள் ஒருவரான ஃப்ரீட்மன், 1969-இல் ஜனாதிபதி நிக்சன் நியமித்த கமிஷனில் அங்கம் வகித்து அவ்வாதத்தை அங்கும் தொடர்ந்தார். 1973-இல் அமெரிக்காவில் கட்டாயச் சேவை நின்றது. பத்திரிகை அதற்கு முன்பே, 1968-இல், நின்றுபோயிருந்தது. ஹமோவி ஹாயெக்கின் மேற்பார்வையிலேயே ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றார். முதல் இதழில் தாம் தாக்கிய அதே நூலின் திருத்தமான பதிப்பை, சரியாக ஐம்பதாண்டு கழித்து 2011-இல், சிகாகோ பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்துக் கொடுத்தவரும் அவரே.